மத்து மாத்திரை

நைனாவுக்கு முதுகெலும்பில் புற்றுநோய். எங்கள் ஊர் ஆந்திராவில், நகரிக்குப் பக்கத்தில். எல்லை தாண்டினால் தமிழ்நாடு. அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். நாலு மணி நேரத்துக்கு ஒன்று. வலி வருமுன்னே போட்டுவிட வேண்டும், வந்தபிறகு துரத்திக்கொண்டு ஓடக் கூடாது என்று அங்கிருந்த நர்சம்மா இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். இரண்டாம் நாளே நைனா எழுந்து உட்கார்ந்து சோறு சாப்பிட்டார். போட்டதும் கண் சொக்குகிறதென்று அம்மா அதற்கு மத்து மாத்திரை என்று பேர் வைத்தாள். தெலுங்கில் மத்து என்றால் மயக்கம். வீட்டில் எல்லோர் வாயிலும் அதுவே நின்றுவிட்டது.

பத்து நாள் மாத்திரைதான் மிச்சம் என்றானபோது நைனாவால் வண்டியில் உட்கார முடியவில்லை. அவரை இழுத்துக்கொண்டு எல்லை தாண்டுவானேன், நம் பக்கம் இல்லாத டாக்டரா என்று நினைத்தேன். சித்தூரில் மூன்று மருந்துக்கடை ஏறி இறங்கினேன். சீட்டைப் பார்த்ததுமே கையை விரித்தார்கள். ஒருவர் மட்டும், இங்கே எந்த டாக்டரும் இதை எழுதுவதில்லை, எழுதாததை நான் எதற்கு வாங்கி வைக்க என்று நியாயமாகக் கேட்டார்.

திருப்பதியில் ஒரு டாக்டரிடம் போனேன். திருச்சானூர் லாட்ஜில் நாள் முழுக்கத் தெலுங்கு பேசி ரூம் கொடுக்கிறவள் நான். அந்தத் திமிர் எனக்கு உண்டு. என்ன மருந்து கொடுக்கிறீர்கள் என்று அவர் கேட்டதும், சீட்டை நீட்டுமுன் "மத்து மந்து சார்" என்றேன். நாக்கில் சனி. போலீஸ்காரர்கள் மூட்டை மூட்டையாகப் பிடிக்கிறார்களே, அந்தப் போதை மருந்துக்கும் தெலுங்கில் அதே பேர்தான். டாக்டர் பேனாவை மூடிவிட்டார்.

"அலவாட்டு அயிபோதுந்தம்மா. மேமு இலாண்டிவி ராயம்."

பழகிப்போகும், நாங்கள் இதெல்லாம் எழுதுவதில்லை. சீட்டைக் காட்டினேன், தொடவில்லை. முதலிலேயே நொப்பி மந்து, வலி மருந்து என்று சொல்லியிருந்தால் எழுதியிருப்பாரா? தெரியாது. காய்ச்சலுக்குப் போடுகிற மாதிரி ஒரு மாத்திரையை எழுதி அனுப்பினார்.

அவர் எழுதாததைக்கூட விட்டுவிடுவேன். அந்த ஒரு வார்த்தையை நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேனே, அதைத்தான் செரிக்க முடியவில்லை. பஸ்ஸில் வழியெல்லாம் அலவாட்டு, அலவாட்டு. சாகப்போகிற மனுஷனுக்குப் பழகினால் என்ன, பழகாவிட்டால் என்ன? இந்த மரமண்டையில் அன்று அது ஏறவில்லை. மறுநாளிலிருந்து மாத்திரையைப் பாதியாக உடைத்தேன். இருக்கிற மாத்திரை கூடுதல் நாளுக்கு வரும், பழக்கமும் வராது. நைனா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். எப்படி இருக்கிறது என்று கேட்டால் பரவாயில்லை என்பார். தலையணை நனைந்திருக்கும். சோறு இறங்கவில்லை. பதினோரு நாள் அப்படி.

பன்னிரண்டாம் நாள் அம்மா என்னைத் திட்டித் தீர்த்தாள். நான் மட்டும் எல்லை தாண்டினேன். நோயாளியைக் கூட்டி வரவே வேண்டாமாம், வீட்டு ஆள் சீட்டோடு வந்தால் போதுமாம். பாதி பாதியாகக் கொடுத்ததைச் சொன்னபோது நர்சம்மா என் முகத்தைப் பார்க்காமலே மாத்திரையை எண்ணிக் கொடுத்தார். அதற்குப் பதில் கன்னத்தில் நாலு வைத்திருக்கலாம்.

அன்று சாயந்திரம் முழு மாத்திரை கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் நைனாவின் முகம் இளகியது. என் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"நீ பாதியா ஒடைக்கிறத பாத்துக்கினுதாம்மா இருந்தேன்," என்றார். "மாத்திர கெடைக்கல போல, புள்ள இன்னா பண்ணும்னுதான் கேக்கல."

அதன்பின் ஒன்பது நாள் வலியில்லாமல் இருந்து போய்ச் சேர்ந்தார். அந்தப் பதினோரு நாளும் பீரோவில் முழு மாத்திரை இருந்தது என்று அவரிடம் நான் சொல்லவே இல்லை.