நூல் அறுக்காமல் தைத்த போர்வை

2009இல் என் தங்கைக்கு டாக்டர் படுக்கை ஓய்வு சொன்னார். அதற்கு முன்பு இரண்டு முறை அவளுக்குக் கரு தங்காமல் போயிருந்தது. இந்த முறை கர்ப்பப்பை வாயில் தையல் போட்டு, பாத்ரூம் போவதைத் தவிர எதற்கும் எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கடலூர் முதுநகரில் அவள் மாமியார் வீட்டில், ஜன்னலோரக் கட்டிலில், கால்மாட்டுக்கு இரண்டு செங்கல் முட்டுக் கொடுத்துப் படுக்க வைத்திருந்தார்கள். அவள் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். வகுப்பில்கூட நாற்காலியில் உட்காராதவள்.

நான் சிதம்பரத்தில் இருந்தேன். பல்கலைக்கழகத்துப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் மாணவர்களின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுகளை டைப் அடித்துக் கொடுக்கும் வேலை. ஞாயிறுதோறும் பஸ் ஏறி அவளைப் பார்க்கப் போவேன். போனால் ஒரு மணி நேரம்கூட என்னால் நிம்மதியாக உட்கார முடியாது. அவள் வயிற்றைப் பார்ப்பேன், முகத்தைப் பார்ப்பேன், தண்ணீர் வேண்டுமா என்று கேட்பேன். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே சொன்னாள். "அக்கா, எதுனா வேல குடு எனக்கு. இல்லன்னா பைத்தியம் புடிச்சிரும்."

துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைக்கிற பேட்ச் ஒர்க் போர்வை என்ற யோசனை அப்படித்தான் வந்தது. என்னிடம் மோட்டார் வைத்த தையல் மெஷின் இருந்தது. எங்கள் தெருவில் நைட்டி தைக்கிற கடையில் மிஞ்சிய துணி மூட்டையாகக் கிடக்கும், கேட்டால் கொடுத்துவிடுவார்கள். அவள் வெட்டுவாள், நான் தைப்பேன். யாருக்கு என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பிறக்கும் முன்பு குழந்தைக்கென்று ஒரு நூல்கூட வாங்கக் கூடாது என்பது அவள் மாமியாரின் கட்டளை. இரண்டு முறை பட்ட பிறகு எங்களுக்கும் அந்தப் பயம் இருந்தது.

முதலில் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டி ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். ஒரு வாரம் முழுக்கத் தைத்தும் ஒரு தலையணை உறை அளவுக்குக்கூட வரவில்லை. அப்போது தினமும் இரண்டு மணி நேரம் கரண்ட் போகும். நான் வேலை முடிந்து வந்து சமைத்து, மெஷினில் உட்காரும் நேரம் பார்த்துப் போய்விடும். எனக்குப் பொறுக்கவில்லை. சென்டரில் கூட்டம் இல்லாத மத்தியானங்களில் இணையத்தில் தேட ஆரம்பித்தேன். படங்கள் மேலிருந்து கீழாக மெதுவாக இறங்கும். அமெரிக்கப் பெண்கள் யாரோ எழுதியவை. எல்லாரும் என்னைப் போலவே அவசரக்காரிகள் என்று தெரிந்தபோது சந்தோஷமாக இருந்தது.

சதுரங்களை வெட்டவே வேண்டாம் என்றார்கள். இரண்டு நிறத்தில் நீளமான பட்டிகளை எடுத்து நீளவாக்கில் தைத்துவிட வேண்டும். இஸ்திரி போட்டுக் குறுக்காகத் துண்டு போட்டால் ஜோடி ஜோடியாக வந்து விழும். ஒரு ஜோடியைத் தலைகீழாகத் திருப்பி இன்னொன்றோடு சேர்த்தால் நாலு கட்டம் தயார். ஜோடிகளைச் சேர்க்கும்போதும் ஒவ்வொன்றுக்கும் நூலை அறுக்கக் கூடாது. ஒன்று ஊசியைத் தாண்டியதும் அடுத்ததைக் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். மெஷினுக்குப் பின்னால் தோரணம் மாதிரி நீண்டுகொண்டே போகும். கடைசியில் உட்கார்ந்து மொத்தமாக நறுக்கிக்கொள்ளலாம். முக்கோணக் கட்டங்களுக்கும் தனியாக ஒரு குறுக்கு வழி சொல்லியிருந்தார்கள்.

அன்று இரவே செய்து பார்த்தேன். கரண்ட் போவதற்குள் ஒரு வாரத்து வேலை முடிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்தத் தோரணத்தைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். ஆலப்பாக்கம் வரைக்கும் நின்றுகொண்டே போனேன். கால் வலிக்கவில்லை.

தங்கை அதைக் கையில் வாங்கிப் பிரித்துப் பார்த்தாள். கத்தரியால் நறுக்கினாள். தையல் மடிப்பை நகத்தால் ஒரு பக்கமாக நீவி அடுக்கினாள். நான் காபி குடித்து முடிக்கும் முன்பு வேலை தீர்ந்துவிட்டது.

"அவ்ளோதானா?" என்றாள்.

"பாத்தியா, எவ்ளோ சீக்கிரம்."

"நீ சீக்கிரம் சீக்கிரம்னு முடிச்சிட்டுப் போயிட்டா நான் அடுத்த ஞாயித்துக்கெழம வரைக்கும் இன்னாக்கா பண்றது?"

எனக்குக் கோபம் வந்தது. தூக்கத்தை விட்டுத் தைத்திருக்கிறேன், ஒரு நல்ல வார்த்தை இல்லை. "அதுக்குன்னு வேணும்னே மெதுவா தைக்கச் சொல்றியா?" என்றேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பி வரும் பஸ்ஸில்தான், அவளுக்கு வேண்டியது போர்வை இல்லை, நாளைக் கழிக்க ஒரு வேலை என்பது எனக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு வேலையைப் பிரித்துக்கொண்டோம். ஓரக் கட்டங்களை அவள் கையாலேயே தைத்தாள். நடுவில் வருவது முழுவதும் என் மெஷினுக்கு. அவள் தையல் கோடு போட்டும் வளைந்து போனது. படுத்துக்கொண்டு தைத்தால் அப்படித்தான். என் கட்டமும் அவள் கட்டமும் சேரும் இடத்தில் ஒரு நூல் அளவு தள்ளி நிற்கும். என் கை பிரித்துத் தைக்கத் துடிக்கும். விட்டுவிடுவேன்.

ஏழாம் மாதம் நடந்தபோது அவள் மாமியார் ஒருநாள் அந்த மூட்டையை எடுத்து விரித்துப் பார்த்தார்.

"யாருக்கும்மா இது?" என்று என்னிடம் கேட்டார்.

"கட்டிலுக்கு அத்தை."

"இம்மாஞ் சின்னதாவா?"

தங்கை, "இன்னும் தைக்க வேண்டியது இருக்கு அத்த" என்றாள். அவர் மடித்து வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனார். அடுத்த வாரம் நான் போனபோது துவைத்துக் காயவைத்த பழைய நூல் புடவைகள் இரண்டு கட்டில் மேல் இருந்தன. தேய்ந்து தேய்ந்து காது மடல் மாதிரி மிருதுவாகிவிட்ட துணி.

"உள்ளுக்கு வெச்சித் தைக்க எதுனா வேணும்ல" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "கட்டிலுக்குன்னாலும் குத்தக் கூடாது பாரு."

எட்டாம் மாதத்தில், ஒரு புதன்கிழமை, சென்டருக்குப் போன் வந்தது. வலி கண்டுவிட்டது, காரில் சிதம்பரம் மெடிக்கல் காலேஜுக்குத்தான் கூட்டி வருகிறார்கள் என்று அவள் வீட்டுக்காரர் சொன்னார். யாரோ ஒரு மாணவனின் ரிப்போர்ட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். சாயங்காலம் பெண் குழந்தை பிறந்தது. என் உள்ளங்கையும் முழங்கையும் சேர்ந்த நீளம்தான் இருந்தாள். அழுதாள். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் தங்கையின் மாமியார் தரையில் உட்கார்ந்தார்.

குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். தங்கையை டிஸ்சார்ஜ் செய்த பிறகு என் வீட்டில் தங்க வைத்தோம். பால் பீய்ச்சிக் கொடுக்க நாளுக்குப் பல தடவை ஆட்டோவில் போய் வருவாள். மற்ற நேரத்தில் வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தவள், இப்போது படு என்றால் படுக்கவில்லை.

ஒரு காலை மெஷின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, அந்த முக்கோணத்துக்கு எதோ குறுக்கு வழி இருக்குன்னியே. சொல்லிக் குடு."

"ஒடம்பு ஆறட்டும். இப்ப எதுக்கு அவசரம்?"

"பாப்பா வெளிய வர்றதுக்குள்ள முடிக்கணும்க்கா."

சொல்லிக் கொடுத்தேன். முக்கோணமாக வெட்டித் தைத்தால் சாய்ந்த விளிம்பு இழுத்துக்கொள்ளும். அதனால் இரண்டு சதுரங்களை முகத்தோடு முகம் வைத்து, மூலைக்கு மூலை ஒரு கோடு போட்டு, கோட்டின் இரண்டு பக்கமும் கால் அங்குலம் தள்ளித் தைக்க வேண்டும். பிறகு கோட்டிலேயே வெட்டினால் இரண்டு நிறமும் பாதிப் பாதியாக வந்த சதுரங்கள் இரண்டு கிடைக்கும். அவள் உடனே காகிதத்தில் கணக்குப் போட்டு, சதுரத்தை எவ்வளவு பெரிதாக வெட்டினால் அளவு சரியாக வரும் என்று சொல்லிவிட்டாள். நான் குத்துமதிப்பாக வெட்டிக்கொண்டிருந்த விஷயம் அது.

அவள் தைத்த வேகத்தைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது. கரண்ட் இருக்கும்போது மெஷினை நிறுத்தவே மாட்டாள். கரண்ட் போனால் நறுக்குவாள், கோடு போடுவாள். வந்ததும் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் தேய்ப்பாள். "போதும், கொஞ்சம் படு" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஆஸ்பத்திரியில் எடை கூடவில்லை என்று சொன்ன நாளில் மட்டும் மெஷினைத் தொடவில்லை. மறுநாள் கொஞ்சம் கூடியிருந்தது. வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக மெஷினுக்குப் போனாள்.

குழந்தை வெளியே வந்த அன்று போர்வைக்கு ஒரு பக்கம் ஓரம் அடிக்கவில்லை. நர்ஸ் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ கனம் இப்ப வேணாம்மா, மெல்லிசா எதுனா குடுங்க" என்றார். ஒரு பழைய வேட்டித் துண்டில் சுற்றித்தான் கொடுத்தார்கள். தங்கை போர்வையை மடித்துத் தோள்பையில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு வருத்தம் எதுவும் இருந்த மாதிரி தெரியவில்லை. குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் முதுநகர் போன பிறகு வீடு காலியாகக் கிடந்தது. மெஷினைச் சுற்றி நூல் துணுக்குகள் சிதறியிருந்தன. பெருக்கினேன். பிறகும் இருப்புக் கொள்ளாமல், வேலை நேரத்துக்கு வெகு முன்பே கிளம்பி சென்டர் வாசலில் போய் நின்றேன்.

சில மாதம் கழித்துத் தங்கை போன் செய்தாள். பள்ளிக்கூடத்துக்குத் திரும்பப் போக ஆரம்பித்திருந்தாள். போர்வையைத் துவைத்ததில் மெரூன் துணி சாயம் இறங்கி, வெள்ளைக் கட்டம் எல்லாம் ரோஸாகிவிட்டதாம்.

"மொதல்லயே நனைச்சிக் காய வெச்சிருக்கணும்" என்றேன்.

"அவசரத்துல யாருக்கு ஞாபகம் இருந்துச்சி. இரு, முழிச்சிட்டா போல இருக்கு" என்று போனை வைத்துவிட்டாள்.