ஹெலிகாப்டர் இறங்க ஒரு மைதானம்

ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் போதும், மினாகோவுக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது என்பதெல்லாம் இல்லை; இரண்டும் சேர்ந்தே ஓடும். அந்த மலையூரில் மருத்துவமனை கிடையாது. வாரத்தில் இரண்டு நாள் டாக்டர் வந்துபோகும் சின்ன நிலையமும் ஒரு நர்சும்தான். உயிருக்கு ஆபத்தென்றால் கணவாயைத் தாண்டி நகர மருத்துவமனைக்குப் போகவேண்டும். அந்த வளைவுச் சாலையில், ஆம்புலன்சுக்குள்ளேயே, அவள் புருஷன் போய்ச் சேர்ந்தான்.

பிறகுதான் டாக்டரே ஏறிவரும் ஹெலிகாப்டர் வந்தது. அது இறங்க ஊரில் இருக்கும் ஒரே சமதரை பள்ளிக்கூட மைதானம். தண்ணீர் அடித்து நனைக்காவிட்டால் கிளம்புகிற புழுதியில் விமானிக்குத் தரையே தெரியாது. அந்தத் தண்ணீரை அடிப்பதற்காகவே மினாகோ ஊர்த் தீயணைப்புப் படையில் சேர்ந்தாள்.

படைத்தலைவர் தோகுஜி சிரித்தார். "தண்ணி வர்ற வேகத்துல நீயே பறந்துருவ. அப்புறம் ஹெலிகாப்டர் எதுக்கு?"

"பறந்தா உங்க வீட்டுக் கூரையிலதான் அண்ணே வந்து விழுவேன்."

அன்றிலிருந்து இருவருக்கும் ஏழாம் பொருத்தம்.

இந்த அக்டோபரில் ஊர் விளையாட்டு விழா. கயிறு இழுப்பில் மேலூர்ப் பக்கம் முன்னால் தோகுஜி, கீழூர்ப் பக்கம் முன்னால் மினாகோ. "இழு! இழு!" என்று ஊரே கத்திக்கொண்டிருக்கும்போது தோகுஜி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். நர்ஸ் ஓடிவந்து பார்த்தாள். "இதயம். ரோட்டுல போனா தாங்காது. ஹெலிகாப்டரைக் கூப்பிடுங்க!"

கூப்பிட்டாயிற்று. ஆனால் எங்கே இறங்குவது? மைதானம் முழுக்கக் கூடாரம், பாய், சோற்று உருண்டை டப்பா. அதைவிட மோசம், நடுக்கம்பத்திலிருந்து நாலா பக்கமும் தலைக்கு மேல் கொடித் தோரணம். மினாகோ தொண்டை கிழியக் கத்தினாள்: "கூடாரத்தப் பிரிங்க! பாயச் சுருட்டுங்க! ஒரு காகிதம்கூடப் பறக்கக் கூடாது!"

மேலூர் கீழூர் பேதமில்லாமல் எல்லாரும் பாய்ந்தார்கள். கூடாரங்கள் மடமடவென்று சரிந்தன. தோரணம் மட்டும் வரவில்லை. கட்டியவர் தோகுஜி; அவர் முடிச்சு புயலுக்கே அசையாது. மலைக்குப் பின்னால் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது.

"அரிவாளக் கொண்டாங்க!"

தரையில் கிடந்தவர் கண்ணைத் திறந்தார். "வெட்டாத... புதுக் கயிறு..."

"உசுரு பழசுதானேண்ணே, அது போனாப் பரவால்லையா? வாய மூடுங்க!"

வெட்டித் தள்ளினாள். கம்பத்தைப் பிடுங்கித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தீயணைப்பு வண்டியிலிருந்து தண்ணீர் சீறியது. வெள்ளைக் கோடெல்லாம் கரைந்து சேறானது. ஹெலிகாப்டர் வட்டமடித்து, தயங்கி, இறங்கியே விட்டது! மினாகோவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

ஏற்றும்போது தோகுஜி அவள் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டார். "மினாகோ, பயமா இருக்கு."

அவர் இப்படிச் சொல்லி அவள் கேட்டதே இல்லை. "இங்கேருந்து ஏறிப் போனவங்க எல்லாருமே திரும்பி வந்திருக்காங்கண்ணே."

திரும்பி வராதவர்களும் உண்டு. அவர்களைத் தூக்கி ஏற்றியவரே அவர்தான்.

"பொய் சொல்ற."

"அப்ப வந்து திட்டுங்க."

அவர் மனைவியும் ஏறிக்கொண்டாள். கதவு மூடியது.

யாரும் வீட்டுக்குப் போகவில்லை. சேற்றில் நின்றபடியே ஆறிய சோற்று உருண்டைகளைப் பிட்டுத் தின்றார்கள். சாயங்காலம் மினாகோவின் போன் அடித்தது. அவர் மனைவிதான். அழுதுகொண்டே பேசினாள்: "அடைப்ப எடுத்துட்டாங்க. உன்கிட்ட ஏதோ சொல்லணுமாம், ஒரே அடம்."

மினாகோ போனை விழா மைக்கின் அருகே பிடித்தாள். ஒலிபெருக்கியில் முதலில் ஒரு இருமல். பிறகு மெலிந்த, கோபமான குரல் மலையெங்கும் கேட்டது:

"பொய்க்காரி!"