முத்துக்குளிக்கத் தெரியாத தூத்துக்குடிக்காரி

கேஷுவாலிட்டியில் நர்ஸ் வேலை என்பது அடிபட்டவருக்குக் கட்டுப் போடுவதும், கூட வந்தவர் சொல்லும் காரணத்தைச் சிரிக்காமல் கேட்பதும்தான். இரண்டாவதுதான் கஷ்டம் என்பது இந்த வேலை பார்த்து அவதிப்பட்டவர்களுக்குத் தெரியும்.

எழுபதுகளில் நான் இருந்தது கல்கத்தாவில், கிதிர்பூர் துறைமுகத்துக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில். முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கப்பலுக்கு அடியில் இறங்குகிறவர்களுக்கு ஏதாவது ஆனால் எங்களிடம்தான் வருவார்கள். உடனே டாக்டர் கோஷ் என்னைக் கூப்பிடுவார். நான் தூத்துக்குடிக்காரி. அந்த ஊரில் எல்லாரும் முத்துக்குளித்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவார்கள் என்பது அவர் எண்ணம். எனக்கு நீச்சலே தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன்.

“ஒரு பெங்காலி தனக்கு மீன் பிடிக்காதுன்னு சொன்னா நீங்க நம்புவீங்களா, சிஸ்டர்?”

காதும் குல்லாவும்

பிஷு என்ற டைவர் ஒரு டிசம்பரில் காதைப் பொத்திக்கொண்டு வந்தார். கூடவே மனைவி மினதி. ஜலதோஷத்தோடு தண்ணீருக்குள் இறங்கியிருக்கிறார். மூக்கடைப்பால் காதுக்குள் அழுத்தம் சமமாகாமல் செவிப்பறை கிழிந்துவிட்டது. டாக்டர் கோஷ் இதைப் படம் வரைந்து விளக்கினார்.

கல்கத்தாவில் லேசாகக் குளிர்ந்தாலே ஊர் முழுக்கத் தலையில் காதை மூடும் குரங்குக் குல்லா ஏறிவிடும். மினதி படத்தைப் பொறுமையாகப் பார்த்து முடித்தாள்.

“படமெல்லாம் சரி, டாக்டர் பாபு. இவர் குல்லா போடாமப் போனாரா இல்லையா, அதைக் கேளுங்க.”

சிவந்த கண்

எல்லைக்கு அப்பால் சண்டை நடந்த வருஷம் ஊரெல்லாம் ஒரு கண்நோய் பரவியது. ஜனங்கள் அதற்கு அந்தச் சண்டையின் வெற்றி முழக்கமான ‘ஜொய் பாங்ளா’ என்றே பெயர் வைத்தார்கள். அதற்குப் பிறகு யாருக்குக் கண் சிவந்தாலும் அது ஜொய் பாங்ளாதான், பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும்.

பாலிகஞ்சிலிருந்து ஒரு பாங்க் குமாஸ்தா வந்தார். நீச்சல் கிளப்பில் டைவிங் பழகுகிறவர். கண்ணாடி முகமூடிக்குள் அவ்வப்போது மூக்கால் காற்று விட வேண்டும் என்பதை மறந்துவிட்டார். முகமூடி முகத்தைக் கவ்வி, இரண்டு கண்ணும் ரத்தச் சிவப்பு. பார்க்கத்தான் பயங்கரம், தானாகச் சரியாகிவிடும்.

அவர் வந்து உட்கார்ந்ததும் பெஞ்ச் காலியானது. அடுத்த பெஞ்சும் காலியானது. கை முறிந்த ஒருவர் இப்போது தேவலை என்று வீட்டுக்கே கிளம்பிவிட்டார், நான்தான் பிடித்து உட்கார வைத்தேன். டாக்டர் கோஷ் வெளியே வந்து வெறிச்சோடிய கூடத்தைப் பார்த்தார்.

“சிஸ்டர், திங்கட்கிழமையும் இவரை வரச் சொல்லுங்க. அன்னிக்குத்தான் கூட்டம் தாங்காது.”

இரும்பு அறை

பிஷு அடுத்த முறை நடந்து வரவில்லை, தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆற்று முகத்துவாரத்துக்கு அப்பால் மூழ்கிய கப்பலில் நாள் முழுக்க வேலை. கடைசி முறை அவசரமாக மேலே வந்துவிட்டார். ராத்திரி கால் மரத்துப்போயிருக்கிறது. மினதி கடுகெண்ணெய் போட்டுத் தேய்த்திருக்கிறாள். நான் பாதத்தை ஊசியால் குத்தினேன். அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டிவிட்டது, அவரை மறுபடி அழுத்தத்தில் வைத்து மெதுவாக வெளியே கொண்டுவர வேண்டும், தாமதித்தால் கால் போய்விடும் என்றார் டாக்டர் கோஷ். அதற்கான இரும்பு அறை எங்களிடம் இல்லை. துறைமுகத்தில் நின்ற ஒரு மீட்புக் கப்பலில் இருந்தது. அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நோயாளியோடு யாராவது உள்ளே போக வேண்டும். டாக்டர் கோஷுக்கு அன்று ஜலதோஷம். மூக்கடைப்போடு போனால் காது என்னாகும் என்று படம் வரைந்தவரே அவர்தான். என்னைப் பார்த்தார். “நீங்க தூத்துக்குடி” என்றார்.

அழுத்தத்தில் உடைந்துவிடும் என்று கப்பல்காரர் என் கடிகாரம், பேனா எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார். மினதி என் தலையில் மாட்டிய குல்லாவை மட்டும் அவரால் வாங்க முடியவில்லை. “உள்ள எப்படி இருக்குமோ, தீதி” என்று என்னை அக்கா முறையில் கூப்பிட்டு அழுதாள்.

உள்ளே அடுப்பங்கரைச் சூடு. அறுபதடி ஆழத்துக் கடலில் இருக்கிற அழுத்தத்தை ஏற்றினார்கள். காற்று இரைந்தது, காது தெறித்தது. “மூக்கைப் பிடிச்சு ஊதுங்க, சிஸ்டர்” என்றார் படுத்திருந்த பிஷு. ஊதினேன். அவர் பாதத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் கழித்து என் உள்ளங்கையில் அவர் கட்டைவிரல் அசைந்தது. நான் வாய்விட்டு அழுதேன்.

“என் காலை விடுங்க, சிஸ்டர். உங்க காது எப்படி இருக்கு?”

என் காதுக்கு ஒன்றும் ஆகவில்லை. கதவு திறந்ததும், பிஷு என் தோளைப் பிடித்துக்கொண்டு இரண்டடி வைத்தார். மினதி அவர் காலைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு என் காதைத் தொட்டுப் பார்த்தாள், பிறகு டாக்டர் பக்கம் திரும்பினாள்.

“பாத்தீங்களா, டாக்டர் பாபு? குல்லா போட்டா ஒண்ணும் ஆகாது.”

முழங்கால் தண்ணீருக்கே பயப்படும் நான், வேலையின் புண்ணியத்தில் அறுபதடி ஆழம்வரை போய்த் தலை நனையாமல் திரும்பியிருக்கிறேன், அதுவும் கம்பளிக் குல்லாவோடு.