வில்லன் படத்துக்குப் பக்கத்தில் எழுதியது

அஞ்சலை அக்கா, நீ போய் இன்றோடு இருபத்திரண்டு நாள். காரியமும் முடிந்துவிட்டது. வந்தவர்கள் எல்லோரும் உன்னைப் பற்றி ஏதாவது சொல்லிவிட்டுப் போனார்கள். நான்தான் ஒன்றும் சொல்லவில்லை. நான் எட்டாவதோடு நின்றவன். வண்டி ரிப்பேர் கடையில் வேலை செய்கிறவன். எனக்கு எழுத வராது. ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அதை எழுதித்தான் ஆக வேண்டும். நான் செய்ததும் எழுதிச் செய்ததுதான்.

அப்போது எனக்கு எட்டு வயது. உனக்குப் பதினேழு. முத்தியால்பேட்டையில் இதே வீடு. உனக்கு ஆறு வயதாக இருக்கும்போது வெந்நீர் அண்டா உன்மேல் சாய்ந்ததாக அம்மா சொல்லும். இடது கன்னம், காது, உதட்டின் ஒரு ஓரம் எல்லாம் வெந்து இழுத்துக்கொண்டது. அது நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. நான் கண் திறந்து பார்த்ததிலிருந்து உன் முகம் அதுதான். வேறு மாதிரி இருந்தது என்று யாராவது சொன்னால் நம்பமாட்டேன். அக்கா என்றால் அப்படித்தான் இருக்கும் என்று இருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்ன சொன்னார்களோ, நீ பாதியில் நின்றுவிட்டாய். வெளியே போக மாட்டாய். வீட்டில் உட்கார்ந்து ஊதுவத்தி உருட்டுவாய். கை இரண்டும் கறுப்பு மாவாக இருக்கும். அதனால் வாடகைக் கடைப் புத்தகத்தை நீ தொட முடியாது. அரிசி டப்பாமேல் சாய்த்து வைத்து நான் பிடித்துக்கொள்வேன். நீ உருட்டிக்கொண்டே சத்தமாகப் படிப்பாய். "ம், திருப்பு" என்றால் திருப்புவேன். நான் எப்போதும் உன் வலது பக்கம்தான் உட்கார வேண்டும். அந்தப் பக்கம் வெளிச்சம் என்பாய்.

மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் வாரப் பத்திரிகை, நாவல், காமிக்ஸ் எல்லாம் வாடகைக்குக் கொடுப்பார்கள். நான் எடுத்து வருவது காமிக்ஸ்தான். அதில் ஒன்றைத்தான் சொல்ல வந்தேன். மஞ்சள் அங்கி போட்ட ஹீரோ கட்டடங்களுக்கு மேலே பறப்பான். வில்லன் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். அங்கே தீப்பிடிக்கிறது. கதவு வெளியே பூட்டியிருக்கிறது. முகம் வெந்து தப்பித்து வருகிறவன், அதற்கப்புறம் ஊரைக் கொளுத்த ஆரம்பிக்கிறான். கடைக்கு வரும் பசங்கள் அவனுக்கு வெந்தமூஞ்சி என்று பேர் வைத்திருந்தார்கள்.

வாடகைப் புத்தகம் என்றால் எடுத்தவன் எல்லாம் ஓரத்தில் அபிப்ராயம் எழுதியிருப்பான். அதையும் படிக்கச் சொல்லி உன்னைப் பிடுங்குவேன். "ஹீரோ சூப்பர், சண்டை கம்மி." "இவன் மூஞ்சியப் பாத்தா சோறு எறங்கல." "இவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" அதற்குக் கீழே வேறு கையெழுத்தில், "ஒன் தங்கச்சியக் குடேன்." கடைசியாகச் சொன்னதற்கு நீயும் சிரித்தாய். மற்றதை எல்லாம் கதை படிக்கிற அதே குரலில் படித்தாய். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவன் கெட்டவன் என்பதால் திட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

முடித்ததும் நீ எழுந்துபோய்க் கை கழுவினாய். என் பென்சிலை வாங்கி வில்லன் படத்துக்குக் கீழே எதையோ எழுதினாய்.

"இன்னாக்கா எழுதற?"

"நானும் படிச்சேன்ல. எனக்கு ஒரு அபிப்ராயம் இருக்காதா?"

படித்தும் காட்டினாய். 'கதவ வெளியில பூட்டுனது யாருன்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல.'

ஒரு வாரம் கழித்து அதே புத்தகத்தை மறுபடி எடுத்துவரச் சொன்னாய். உன் வரிக்குக் கீழே நீல மையில் ஒருவர் எழுதியிருந்தார். 'நல்ல கேள்வி. ஆனா பாவம்னு ஊரைக் கொளுத்த விட்டுட முடியுமா?'

நீ மாவுக் கையோடு கொஞ்ச நேரம் யோசித்தாய். கை கழுவிவிட்டு எழுதினாய். 'விடக் கூடாது. ஆனா ஹீரோ ஒரு படத்துலயாவது அவன் கண்ணப் பாத்துப் பேசியிருக்கலாம்.'

அடுத்த வாரம் நீல மை சொன்னது: 'ஒவ்வொரு படமா பாத்தேன். எங்கயும் பாக்கல. நீங்க சொன்னதுதான் சரி.'

அந்தக் கடைசி வரியை நீ எத்தனை முறை படித்தாய் என்று எனக்கு எண்ணத் தெரியவில்லை. அன்றைக்கு ஊதுவத்தி உருட்டும்போது பாடினாய். உள்ளேயிருந்து அம்மா, "இன்னாடி, வேல செய்ற எடத்துல கச்சேரி?" என்றது. நீ நிறுத்தவில்லை.

இப்படியே ஏழெட்டு வாரம் போனது. கடைக்காரருக்கு என்னைப் பார்த்தாலே சிரிப்பு. "இன்னாடா, இதே புக்க எத்தினி தபா எடுப்ப? பரிச்சைக்கா படிக்கற?"

"எங்க அக்கா கேக்குது."

"ஒங்கக்காவுக்கு ஹீரோவப் புடிக்கலியா? வெந்தமூஞ்சியத்தான் புடிச்சிருக்குதா?"

அங்கிருந்த பசங்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து உன்னிடம் அப்படியே சொல்லவும் செய்தேன்.

சில வாரம் பதில் வந்திருக்காது, வீணாகத் தூக்கி வருவேன். அதனால் எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக் கொடுத்தாய். பள்ளிக்கூடத்தில் மூன்று வருடமாக ஏறாதது இரண்டு மாதத்தில் ஏறிவிட்டது. "கடையிலயே பிரிச்சுப் பாரு. நீல மை புதுசா இருந்தா மட்டும் எடுத்துட்டு வா" என்பாய்.

ஒரு நாள் புதிதாக இருந்தது. எடுத்து வந்தேன். நீ பார்த்தாய். எனக்குப் படித்துக் காட்டவில்லை. கை கழுவப் போகவும் இல்லை. மறுநாள், "கொண்டுபோய்க் குடுத்துடு" என்றாய்.

போகும் வழியில் ஒரு கடை வாசலில் உட்கார்ந்து நானே எழுத்துக்கூட்டினேன். 'கையெழுத்து பொண்ணு கையெழுத்து மாதிரி இருக்கு. தப்பா நெனைக்காதீங்க. நீங்க எப்படி இருப்பீங்க?'

ஒருவர் கேட்டிருக்கிறார், அக்கா பதில் எழுத மறந்துவிட்டது. எனக்குத் தோன்றியது அவ்வளவுதான். பையில் பென்சில் இருந்தது. அந்தப் புத்தகத்திலேயே நன்றாக வரைந்த படம் வில்லனுடைய முகம்தான். கன்னத்தில் அந்தச் சுருக்கம், உதடு ஒரு பக்கம் ஏறி இருப்பது எல்லாம் அப்படியே உன்னைப் போலவே இருக்கும். படம் போட்டவர் உன்னை எங்கேயாவது பார்த்திருப்பாரோ என்றுகூட யோசித்திருக்கிறேன். அந்த முகத்துக்கு ஒரு அம்புக்குறி போட்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன். 'எங்க அக்கா இதே மாதிரி இருக்கும். நல்லா கத படிக்கும்.'

யாரும் சொல்லித் தராமல் நான் எழுதிய முதல் வாக்கியம் அது. கடைவரைக்கும் ஓடினேன்.

அடுத்த வாரம் நீல மை இல்லை. ஆனாலும் என் எழுத்தை உன்னிடம் காட்டலாம் என்று புத்தகத்தை எடுத்து வந்தேன். நீ அம்புக்குறியைப் பார்த்தாய். கையில் இருந்த ஊதுவத்தி ஒடிந்தது. அதை மறுபடி மாவில் சேர்த்துப் பிசைந்தாய்.

"நீ எழுதுனியா?"

"ஆமாம்கா. நல்லாருக்கா?"

புதிதாக ஒரு வத்தியை உருட்டி வைத்தாய். "எழுத்து குண்டு குண்டா நல்லாருக்குடா தம்பி."

என்னை அடித்திருக்கலாம். அதை அழித்திருக்கலாம், என்னிடம் ரப்பர் இருந்தது. ஒன்றும் செய்யாமல் திருப்பிக் கொடுக்கச் சொன்னாய். அடுத்த வாரமும் பார்க்கச் சொன்னாய். அதற்கடுத்த வாரமும். ஒன்றும் இல்லை.

"அந்தாளு பேனாவுல மை தீந்துபோச்சு போலக்கா" என்றேன்.

"ஆமாண்டா. தீந்துடுச்சு" என்றாய்.

அதை நம்பிவிட்டேன். அம்மாவிடம் அடம்பிடித்துப் புது நீல ரீஃபில் ஒன்று வாங்கினேன். அந்தப் பக்கத்தில், வில்லன் முகத்துக்கு மேலேயே வைத்துப் புத்தகத்தை மூடினேன். கடைக்காரருக்குத் தெரியாமல் அடுக்கில் சொருகினேன். மறுவாரம் போய்ப் பிரித்தேன். ரீஃபில் அப்படியே இருந்தது. அதற்கு அடுத்த வாரமும் இருந்தது. நீ கேட்பதை நிறுத்திய பிறகும் நானாகப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் ஒரு நாள் ரீஃபில் இல்லை. ஓடிவந்து, "அக்கா, எடுத்துக்கினாருக்கா. இனிமே எழுதுவாரு" என்றேன். நீ என் தலையைத் தொட வந்து, கையில் மாவு இருந்ததால் முழங்கையால் தொட்டாய்.

அவர் யார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கெட்டவர் என்றும் நினைக்கவில்லை. வேலை கிடைத்து ஊர் மாறிப் போயிருக்கலாம். என் வரியை அவர் பார்க்காமலே இருந்திருக்கலாம். நீ அப்படி நினைத்தாயா என்று கேட்கவே இல்லை. நீ ஏன் அதற்கப்புறம் பாடவில்லை என்று எட்டு வயதில் எனக்குத் தெரியவில்லை. தெரிந்த வயதில் உன்னிடம் பேச வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். மஞ்சள் காமாலை ஒன்பது நாள்தான் கொடுத்தது.

உனக்கு அஞ்சலி பேனர் வைக்கப் போட்டோ தேடினோம். எல்லாவற்றிலும் நீ வலது கன்னம் மட்டும் தெரிகிற மாதிரி திரும்பி நிற்கிறாய். நேராக இருந்தது ஓட்டு அட்டைக்கு எடுத்தது மட்டும்தான். பேனர் கடையில் மாமா, "அந்தப் பக்கத்த மட்டும் கம்ப்யூட்டர்ல கொஞ்சம் சரி பண்ணிடுப்பா" என்றார். நான் வேண்டாம் என்றேன். மாமா கோபித்துக்கொண்டார். அப்படியேதான் போட்டிருக்கிறோம்.

அந்த பேனர் எங்கள் தெருமுனையில் இன்னும் இருக்கிறது. இதைப் படிக்கிறவர்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி, என் அக்கா அஞ்சலைக்காக ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் போகிறவர்கள் கொஞ்சம் நின்று, அவள் கண்ணைப் பார்த்து வேண்டிக்கொள்ளுங்கள்.