சமனலவெவவில் ஒரு பாய்மரம்

ஜூலை 1999. இரத்தினபுரியிலிருந்து காலை பஸ்ஸில் பலாங்கொடைக்குப் போய், அங்கிருந்து முச்சக்கர வண்டியில் சமனலவெவ நீர்த்தேக்கத்துக்கு இறங்கினேன். அழைத்தவர் மாரிமுத்து. என் மைத்துனர், தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பொருத்தும் பிட்டர்.

கரையில் அவருடைய நண்பர் சிரிசேன நின்றிருந்தார். மீன் பிடிப்பவர். லொறி மோதியதில் வலது கை தூக்க வராமல் போய்விட்டது. துடுப்புப் போட முடியாததால் படகை விற்கப் பேசிக்கொண்டிருந்தார். "விக்காதீங்க, பாய் கட்டித் தாறேன்" என்று மாரிமுத்து தடுத்திருந்தார்.

படகின் நடுவில் பாய்மரமாக ஓர் இரும்புக் குழாய். முன்னுக்கு ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று, பின்னுக்கு ஒன்று என நான்கு கம்பிகள் அதைப் பிடித்திருந்தன. கம்பிகளின் அடியில் முறுக்கினால் இறுகும் திருகுகள். தூக்குக்குண்டு கட்டி, மரம் நேராக நிற்கிறதா என்று மாரிமுத்து பார்த்தார்.

பத்து மணிக்கு மூவரும் புறப்பட்டோம். அந்த மாதங்களில் அங்கே காற்று சும்மா விடாது. பாய் உப்பியதும் மரம் ஒரு பக்கம் சாய்ந்து, அலைக்கு அலை உதறியது. காற்றுக்கு மறுபக்கக் கம்பி தொய்ந்து ஆடியது. சிரிசேன இடக்கையால் சுக்கானை இறுகப் பிடித்தார்.

"திரும்பிருவோம் மச்சான்" என்றேன்.

"கொஞ்சம் இருங்க. கரையில இறுக்குனது பத்தல. காத்துல வச்சுத்தான் பாக்கணும்."

குனிந்து, தொய்ந்த கம்பியின் திருகை மெல்ல முறுக்கினார். பிறகு சிரிசேனவிடம் படகைத் திருப்பச் சொன்னார். இப்போது அடுத்த பக்கக் கம்பி தொய்ந்தது. அதையும் அதே அளவுக்கு இறுக்கினார். மரத்தோடு கன்னத்தை வைத்து மேலே பார்த்து, "உச்சி இன்னும் வளையுது" என்று பின்கம்பியைச் சற்றுத் தளர்த்தினார். கடைசியில் திருகுகள் கழன்றுவிடாமல் மெல்லிய கம்பியால் கட்டினார்.

மரம் அசையாமல் நின்றது. கண்கூடாகப் பார்த்தும் நம்ப முடியவில்லை. அதே காற்று, அதே படகு; ஆனால் உதறலில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது.

கரை சேர்ந்ததும் சிரிசேன எங்களை இறங்கச் சொன்னார்.

"தனியாவா?" என்றார் மாரிமுத்து.

"ஆமா. தனியாத்தான் போக வேணும்."

சுக்கானை இடக்கையில் பிடித்தார். பாயின் கயிற்றைக் காலால் மிதித்துக்கொண்டார். மாரிமுத்து இடுப்பளவு தண்ணீரில் நின்று படகைத் தள்ளிவிட்டார். பிறகும் கரையேறவில்லை; அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலை நான் திரும்பும்போது மேட்டு வளைவில் முச்சக்கர வண்டிக்காரர் வண்டியை நிறுத்தினார். கீழே வெள்ளைப் பாய் மறுபடியும் தூரத்துக் கரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"யாருங்க அது?"

"சிரிசேன."

"அவருக்குக் கை ஏலாதுன்னாங்களே?"

"ஏலாதுதான்" என்றேன். அவர் என்ஜினை அணைத்தார். பாய் மலை நிழலுக்குள் போய் மறையும்வரை இருவரும் பார்த்திருந்தோம்.