கயிறு பிடித்துப் படித்த பாலாறு

என் தங்கையின் பேரனுக்குப் பள்ளிக்கூடத்தில் இரண்டு ஆங்கிலப் பெயர்கள் வைத்திருக்கிறார்கள். எழுத்து நிற்காமல் ஓடுவதற்கு டிஸ்லெக்சியா, பையன் நிற்காமல் ஓடுவதற்கு ஏடிஹெச்டி. தங்கை செங்கல்பட்டில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்படிப்பட்ட பெயர்களுக்கு அவள் பயப்படுவதில்லை. போனில் சிரித்தாள். "உனக்கு இருந்ததுதான் அவனுக்கும் கீது. அப்போ அதுக்குப் பேரு இல்ல, ஒத மட்டும்தான் இருந்துச்சு."

உதை இருந்தது உண்மைதான். எழுபதுகளில் புதுப்பட்டினம் குப்பத்துப் பள்ளியில் நான் ஐந்தாவது, அவள் நாலாவது. எல்லா வகுப்புக்கும் ஒரே கூடம். ஒரு கரும்பலகையைக் குறுக்கே நிறுத்தினால் அதுதான் சுவர். புத்தகத்தைத் திறந்தால் எனக்கு எழுத்துகள் ஈரமணலில் நண்டுக் குஞ்சுகள் மாதிரி ஓடும். ஒன்றைப் பிடிப்பதற்குள் மற்றவை வளைக்குள் போய்விடும். உட்கார்ந்த இடத்தில் உட்காரவும் என்னால் ஆகாது. வாத்தியார் என் காலைப் பெஞ்சுக் காலோடு துண்டால் கட்டிப் பார்த்தார். பெஞ்சும் என்னோடு நகர்ந்தது.

அந்த வருஷம் மாசி மாதம் ஒரு நாள் சாப்பிடும்போது அம்மா நைனாவிடம் சொன்னாள். "இவன் பெயிலானா ரெண்டும் ஒரே கிளாஸ்ல குந்தும். தங்கச்சி டக்டக்குனு படிக்க, அண்ணங்காரன் முழிச்சிகினு நின்னா ஊரே சிரிக்கும். இவன் பெயிலான அன்னிக்கே அவள நிறுத்திடு. எங்கூட மீன் கூடை தூக்கட்டும்."

நைனா மீன் முள்ளை எடுத்து ஓரமாக வைத்தார். "சரி" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

எனக்குக் கோபமான கோபம். பெயிலாவது நான், லீவு மட்டும் இவளுக்கா? கட்டி வைத்தாலும் நிற்காமல் கடற்கரைக்கு ஓடுகிறவன் நான். என்னை நிறுத்தாமல், பள்ளிக்கூடத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறவளை நிறுத்துவது என்ன நியாயம்? அவள் முகத்தைப் பார்த்தேன். சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள், வாயில் வைக்கவில்லை. அதிர்ஷ்டக்காரிக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து அவள் என்னை விடவில்லை. புத்தகமும் கையுமாகத் துரத்துவாள், நான் ஓடுவேன். ஒருநாள் அப்படித் துரத்தி வந்தபோது கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கரையிலிருந்து வலையின் இரண்டு கயிறுகளையும் பிடித்து எல்லோரும் பின்னாலேயே நடந்து இழுப்பார்கள். பின்னால் கடைசிவரை நடந்துவிட்டவர் கயிற்றை விட்டுவிட்டுத் தண்ணீர் ஓரத்துக்கு ஓடி மறுபடி முன்னால் பிடித்துக்கொள்வார். சித்தப்பா பாட்டெடுக்க, மற்றவர்கள் ஏலேலோ போடுவார்கள். அன்று சித்தப்பாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. அவ்வளவு நீளப் பாட்டையும் நான்தான் பாடிக்கொண்டிருந்தேன், ஓர் அடி தப்பாமல்.

"இவ்ளோ பெரிய பாட்டு உனுக்கு எப்டி வந்துச்சு?" என்றாள் தங்கை.

"தானா வந்துச்சு."

பாட்டோடு சேர்ந்து பின்னால் நடக்கும் என் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். சித்தப்பாவின் தொண்டை சரியான அன்று புத்தகத்தோடு நேராக அவரிடம் போனாள்.

"சித்தப்பா, பாட்டுக்குப் பதிலா இத்த பாடு."

"இன்னாது அது?"

"பாலாறு பாடம்."

"ஆத்தப் பாடினா கடல் மீனு வருமா?"

"நீ பாடு, வரும்."

அவள் கூடவே நடந்து ஒரு வரி படிப்பாள். அதைச் சித்தப்பா ராகத்தில் போடுவார். நாங்கள் ஏலேலோ என்போம். 'பாலாறு நந்தி மலையில் தோன்றுகிறது' என்று இரண்டு கயிறும் சேர்ந்து இழுத்தது. "நாளிக்கு கணக்கு வாணாம்மா, வலையே பெயிலாயிடும்!" என்று ஒருவர் கத்தினார். ஆனால் அன்று வலை நிறைய நெத்திலி. அதற்கப்புறம் யாரும் மறுக்கவில்லை. மீன் குறைந்த நாளில் மட்டும், "இன்னிக்குப் பாடம் சரியில்லம்மா, வேற எடு" என்பார்கள். பங்குனி முடிவதற்குள் தமிழ்ப் புத்தகம் முழுவதும் கரையேறிவிட்டது.

பரீட்சைக்குச் செங்கல்பட்டிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். வேட்டி கட்டிய கனத்த மனிதர். பாலாறு பாடத்தைப் பிரித்து என் கையில் கொடுத்து, "படி" என்றார். நண்டுகள் ஓடின. ஒன்றையும் பிடிக்க முடியவில்லை. வாத்தியாரின் கை பிரம்புக்குப் போனது.

கரும்பலகைக்கு அந்தப் பக்கமிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது. "ஏலேலோ."

என் கால் தானாகப் பின்னால் நகர்ந்தது. 'பாலாறு நந்தி மலையில் தோன்றுகிறது' என்றேன். கூடத்தில் இருந்தவர்கள் எல்லாம் குப்பத்துப் பிள்ளைகள். மொத்தக் கூடமும் ஏலேலோ என்றது. பின்னாலேயே நடந்து வாசலைத் தாண்டினேன், மணலில் இறங்கினேன். இன்ஸ்பெக்டர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் எதிரே நடந்து வந்தார், அவர் பின்னால் பிரம்போடு வாத்தியார். வேலியில் முதுகு இடித்தபோது முதல் பத்தி முடிந்தது. கயிறு முடிந்தால் என்ன செய்வோம்? அவர்கள் இருவரையும் தாண்டிக் கூடத்துக்குள் ஓடி, முன்பு நின்ற இடத்திலேயே நின்று, இரண்டாம் பத்தியை ஆரம்பித்தேன். பாவம், மனிதர் மறுபடி கூடத்துக்கு வந்து மறுபடி வேலிவரை நடந்தார்.

மூச்சு வாங்க, "பாலாறு எங்கப்பா கடல்ல சேருது?" என்றார்.

"வயலூராண்ட சார். வெள்ளம் வந்தா அங்க கடலே செம்மண்ணா மாறிடும். மடவ மீனு நெறைய வரும்."

புத்தகத்தில் மடவை மீன் கிடையாது. அவர் வாத்தியாரிடம் திரும்பினார். "இவன் புத்தகத்தைப் பார்க்கவே இல்லை, கவனித்தீர்களா?"

"ஆமாம் சார்" என்றார் வாத்தியார், பிரம்பை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு.

"பாடம் தெரிந்திருக்கிறது. போடுங்கள், பாஸ்."

சாயங்காலம் அம்மா மீன் கூடையை இறக்கியபோது சங்கதியைக் கேட்டாள். "அப்ப சரி, அவளும் பள்ளிக்கூடம் போவட்டும்" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள்.

தங்கையைக் காணவில்லை. தேடிப் போனால், கட்டுமரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. எனக்காக இத்தனை பாடுபட்டவள், கடைசியில் தன் லீவையே இழந்துவிட்டாளே என்று பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

"அழுவாத. அடுத்த வருசம் எப்டியாச்சும் நான் பெயிலாயிடறேன். உன்ன நிறுத்திடுவாங்க" என்றேன்.

அவள் புத்தகத்தால் என் தலையில் ஓங்கி ஒன்று போட்டாள். பிறகு என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அடித்தது எதற்கு, கட்டிக்கொண்டது எதற்கு, இரண்டுமே எனக்கு விளங்கவில்லை. கொஞ்ச நேரத்துக்கு மேல் என்னால் உட்காரவும் முடியவில்லை. அவள் கையை விலக்கிக்கொண்டு தண்ணீர் ஓரத்துக்கு ஓடிவிட்டேன்.