காணாமல் போன இரண்டு அங்குலம்

என் நைனா வேதாச்சலத்தின் சட்டைப் பையில் பேனா இருக்காது. அளவு டேப் இருக்கும். நகரியில் எங்கள் வீட்டில் இரண்டு பவர்லூம் ஓடுகிறது. துணியின் பன்னா, அதாவது அகலம், அரை அங்குலம் குறைந்தாலும் வியாபாரி திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் நைனா எதையும் முதலில் அளப்பார், அப்புறம்தான் நம்புவார். கல்யாண வீட்டு வாழையிலையை அளந்திருக்கிறார். பத்தாவதில் கணக்குக்கு நான் பதினோரு மார்க் வாங்கி வந்த அட்டையைத்தான் அளக்காமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படிப்பட்டவர் லேப்டாப் வாங்கக் கிளம்பினார். அம்மாவுக்காக.

அம்மா ருக்மணி எட்டாவதோடு நின்றவள். தெருக்கோடி அங்கன்வாடியில் ஓர் இடம் காலியாகப் போகிறது, பத்தாவது பாஸ் வேண்டும் என்றார்கள். ஓப்பன் ஸ்கூலில் பேர் கொடுத்துவிட்டாள். பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது. ஆனால் பகலெல்லாம் தறி முன்னால் நின்றாக வேண்டும். இழை அறுந்தால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். பாடமெல்லாம் போனில் வந்து கிடக்கிறது. தறிச் சத்தத்தில் வீடியோ கேட்காது. படிக்கலாமென்று போனைத் தறிமேல் வைத்தால் அதிர்ந்து கீழே விழுகிறது. நாலடி தள்ளி ஸ்டூலில் வைத்தால் எழுத்தெல்லாம் எறும்பு. புத்தகத்தை வைத்தாலும் அதே எறும்புதான்.

"பெரிய ஸ்கிரீனா ஒண்ணு வாங்கி ஸ்டூல் மேல வெச்சிட்டா, நின்னுக்கினே படிச்சிக்குவா," என்றார் நைனா. முப்பத்தைந்தாயிரம் வரை போகலாம், அதற்குமேல் ஒரு ரூபாய் கிடையாது.

திருப்பதியில் முதல் கடை. "ரண்டி சார், கூச்சோண்டி," என்று உட்கார வைத்துத் தெலுங்கில் பொழிந்தார்கள். எட்டு ஜிபி, ஐந்நூற்றுப் பன்னிரண்டு ஜிபி, பதினைந்து புள்ளி ஆறு அங்குலம். நைனாவுக்குக் கடைசி எண் மட்டும் புரிந்தது. டேப்பை எடுத்தார். ஸ்கிரீனின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை நீட்டினார்.

பதின்மூன்றரை.

மறுபடி அளந்தார். பதின்மூன்றரைதான். என் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தார்.

"இன்னா தரணி இது? ரெண்டு அங்குலத்த துன்னுட்டானுங்க!"

எனக்கு விஷயம் தெரியும். கணக்கில் நான் பெற்ற பதினோரு மார்க்கில் இரண்டு மார்க் மூலைவிட்டத்துக்கு வந்தது. சொல்லியிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"துணி தண்ணி பட்டா சுருங்குதில்ல, நைனா? அது மாதிரிதான். கரண்டு பட்டா ஸ்கிரீன் சுருங்கும்."

அவர் யோசித்தார். நம்பிவிட்டார். எதையும் அளக்காமல் நம்பாத மனிதர், நான் சொன்னதை மட்டும் ஏன் அளக்கவில்லை என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது கடையிலும் பதின்மூன்றரை. மூன்றாவது கடையில் யாமினி என்கிற பெண் இருந்தாள். புத்தூர்க்காரி, தமிழ் பேசினாள். நைனாவுக்கு உயிர் வந்தது.

"ஏம்மா, இது இன்னும் எவ்ளோ சுருங்கும்?"

"எது அண்ணா?"

"ஸ்கிரீனுதான். பதினஞ்சு சொச்சம்னு போட்டுக்கினு பதிமூணரைதான கீது. வாங்கிட்டுப் போயி ரெண்டு வருசம் கரண்டு பட்டா பத்தாயிடுமா?"

யாமினிக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் பக்கத்து மேசைக்காரர்கள் வரை சிரிப்பு பரவியது. நைனா என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டவில்லை. டேப்பை மெதுவாகச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

"நான்தாங்க்கா சொன்னேன்," என்றேன். "அவரு இல்ல. நான்தான் கொழுப்பெடுத்து சொன்னேன்."

யாமினி சிரிப்பை நிறுத்தினாள். "டேப்பைக் குடுங்கண்ணா," என்று கேட்டு வாங்கி, மேல் மூலையிலிருந்து எதிர்க் கீழ் மூலைக்கு இழுத்துக் காட்டினாள். பதினைந்தரைக்குக் கொஞ்சம் மேலே.

நைனா டேப்பைத் திரும்ப வாங்கி, தானும் ஒருமுறை அப்படியே இழுத்துப் பார்த்தார். "மூலைக்கு மூலை அளந்து துணி வித்தா எங்கள அடிப்பானுங்கம்மா."

"இங்க எல்லாருமே அப்பிடித்தான் அண்ணா."

"சரி, அந்த எட்டு, ஐந்நூத்துப் பன்னெண்டுன்றாங்களே, அது நூல் நம்பர் மாதிரியா? நம்பர் ஏறினா சன்னமாவும்தான?"

"இல்லண்ணா, ஏறினா நல்லது."

"நல்லதுன்னா? சன்னமா, தடியா?"

யாமினி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

யாமினிக்கு உதவட்டுமென்று அம்மாவின் பாடத்தை அந்த லேப்டாப்பில் திறந்து கொடுத்தேன். நைனா நாலடி பின்னால் போய், தறிமுன் நிற்பது போலக் கையை வைத்துக்கொண்டு நின்றார். "எறும்பு," என்றார். யாமினி இரண்டு பொத்தானை அழுத்தினாள். எழுத்து பெரிதானது.

நைனாவுக்கு அதுவும் குழப்பம். "எழுத்தப் பெரிசு பண்ணலாம்னா பெரிய ஸ்கிரீன் எதுக்கு? சின்னதே போதுமே?"

அவரே சின்ன லேப்டாப் ஒன்றைப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். டேப்பை எடுத்து, இரண்டிலும் எழுத்தை அரை அங்குல உயரத்துக்குக் கொண்டுவரச் செய்தார். சின்னதில் வரி ஓரத்தில் வெட்டுப்பட்டு நின்றது. பெரியதில் ஒரு வரி முழுசாக உட்கார்ந்தது.

"பன்னா பத்தல," என்றார், சின்னதைக் காட்டி. பெரியதைத் தட்டினார். "இதைக் கட்டும்மா." முப்பத்து நாலாயிரத்துச் சொச்சம். அந்த ஜிபிக்கள் சன்னமா தடியா என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

மறுநாள் காலை தறி ஓடியது. ஸ்டூல்மேல் லேப்டாப், அதன் முதுகில் பஞ்சு படியாமலிருக்க நைனாவின் பழைய துண்டு. அம்மா நாலடியில் நின்றாள். ஒரு கண் இழையில், ஒரு கண் ஸ்கிரீனில். உதடு அசைந்தது. சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் அசைந்தது. நைனா வாசலில் நின்று உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கம் முடிந்தது. அம்மா இரண்டு கையும் தறியில் இருக்க எங்களைப் பார்த்துக் கத்தினாள்.

"இப்ப எப்பிடி திருப்பறது?"

நைனாவின் கை டேப்பை நோக்கிப் போனது. அளக்க ஒன்றுமில்லை. மூன்று கடை ஏறி இறங்கியதில் இது எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

நான் போய் ஸ்டூலடியில் தரையில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினேன். அம்மா தலையாட்டும்போதெல்லாம் அழுத்தினேன். இப்போது தினமும் அதுதான் என் வேலை. அம்மாவின் கணக்குப் பாடம் ஏழாவது அத்தியாயம் வரை வந்துவிட்டது. நான் ஒன்றும் படிக்கவில்லை, பக்கம்தான் திருப்புகிறேன். நேற்று மட்டும் அவள் தலையாட்டிய பிறகும் கொஞ்சம் தாமதமாகத் திருப்பினேன். எனக்குக் கடைசி வரி பாக்கி இருந்தது.